மூலக் கிண்ணத்தின் எடை

ஒரு கப் நறுக்கிய பழம் எத்தனை கிராம்? கேள்வி சிறியது. ஒரு பழமும் ஒரு கத்தியும் ஒரு தராசும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். ஆனால் அந்த மருத்துவமனையில் இதற்கு விடை காண மூன்று வாகனங்களும், பதினோரு அதிகாரிகளும், பட்டு மெத்தை வைத்த ஒரு பெட்டியும், ஒரு மனிதனின் மானமும் தேவைப்பட்டன. முதல் மூன்றும் வந்தபடியே திரும்பிப் போய்விட்டன. நான்காவது திரும்பவில்லை.

அந்த மனிதர் மருத்துவமனைச் சமையற்கூடத்தின் தலைவர். 'மாஸ்டர்' என்றுதான் எல்லாரும் அழைப்பார்கள். நாள்தோறும் பிற்பகல் மூன்று மணிக்கு எண்பது நோயாளிகளுக்கு நறுக்கிய பழம் போகவேண்டும். ஆளுக்கு முந்நூறு கிராம் என்பது மருத்துவரின் சீட்டு. எண்பது தட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றினால் கடைசித் தட்டு முடிவதற்குள் முதல் தட்டு கறுத்துவிடும். ஆகவே மாஸ்டர் என்றோ ஒரு நாள் வெறும் கப்பைத் தராசில் வைத்து, முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பி, பழத்தை நிரப்பிப் பார்த்தார். நூற்றைம்பது காட்டியது. இரண்டு கப் என்றால் முந்நூறு. அவ்வளவுதான் அவருடைய ஆராய்ச்சி. முலாம்பழம் நீர் கோத்தது, எடை சற்றுக் கூடும். அன்று கப்பைத் தலைதட்டுவார். ஆப்பிள் துண்டுகள் இடைவெளி விட்டு விழும், எடை குறையும். அன்று குவித்து அள்ளுவார். பத்து ஆண்டுகளில் ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

குறை சொல்ல ஒருவர் வந்தார். அவர் ஆய்வாளர். கையில் அட்டை, காதில் பேனா. பழம் நறுக்கிக்கொண்டிருந்த நால்வரும், தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்ற மாஸ்டரின் தங்கையும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேட்டார்:

"டாக்டர் சீட்டுல முந்நூறு கிராம்னு இருக்கு. நீ கப்புல அள்ளிப் போடறே. எந்த ஆதாரத்துல?"

"நானே நிறுத்துப் பார்த்திருக்கேன் சார். ஒரு கப்பு நூத்தம்பது."

"நீ பார்த்தா ஆச்சா? ஏம்ப்பா, நீ யாரு?"

"சமையல்காரன் சார்."

"அதைத்தான் நானும் கேக்கறேன். நீ யாரு?"

நறுக்கும் பலகைகளின் ஓசை நின்றது. மாஸ்டரின் தங்கை அந்த மருத்துவமனையிலேயே வார்டு ஆயா. அவள் தட்டுகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டாள். அண்ணன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதே அந்த நேரத்தில் தன்னால் இயன்ற உதவி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பருமனை எடையாக மாற்றும் அதிகாரம் மாற்றளவைத் தலைமையகத்துக்கு மட்டுமே உண்டு என்றும், அவர்களிடமிருந்து சான்றிதழ் பெறாவிட்டால் கப்பைத் தொடக்கூடாது என்றும் ஆய்வாளர் சொன்னார். விண்ணப்பத்தை மாஸ்டரே எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த ஒன்றைத் தமக்குத் தெரியாது என்று அவர் எழுதிய முதற்கடிதம் அது. 'யாரு?' என்ற கேள்வி அவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தது.

தலைமையகம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. முன்னே ஒரு வண்டி. பின்னே ஒரு வண்டி. நடுவே மூலக் கிண்ணம் வந்த வண்டி. நாட்டிலுள்ள எல்லாக் கப்புகளுக்கும் அதுவே தாய். கனத்த பித்தளை, விரல் பருமன் சுவர், கண்ணாடிக் கூண்டுக்குள் பட்டு மெத்தை. அதைச் சுமக்க ஒருவர், சுமப்பவரைக் கண்காணிக்க ஒருவர், அந்த இருவரும் கிண்ணத்தின்மேல் மூச்சு விடாமல் பார்த்துக்கொள்ளக் காப்பாளர் என்று ஒருவர். அதன் கொள்ளளவு மாஸ்டருடைய தகரக் கப்பின் கொள்ளளவேதான். ஆனால் தகரக் கப்பை யாரும் எழுந்து நின்று வரவேற்றதில்லை.

தலைமையகத்தின் தலைவர் தேனொழுகப் பேசினார். "மாஸ்டர், வாங்க, இப்படி உக்காருங்க. நீங்கதான் எங்களுக்கு வல்லுநர். இது உங்க அடுக்களை. நாங்க விருந்தாளிங்க."

மாஸ்டருக்குத் தம் சமையற்கூடத்திலேயே நாற்காலி போடப்பட்டது. அங்கே அவர் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. சட்டையில் ஒரு வில்லை குத்தப்பட்டது: 'பழ வல்லுநர்'. ஆய்வாளரே குத்திவிட்டார். ஊசி பட்டுவிடாமல் இரண்டு விரலால் துணியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் நிமிருங்க சார்," என்றார். நேற்றுவரை 'நீ', இன்று 'சார்'. மாஸ்டர் நிமிர்ந்தார். மனிதனை நிமிர்த்த எத்தனையோ வழிகள் உண்டு. பிறகு குனிய வைப்பதற்காகவே நிமிர்த்துவது அவற்றுள் ஒன்று என்பதை அவர் அப்போது அறியவில்லை.

வேலை தொடங்கியது. முதலில் 'நறுக்கிய' என்றால் என்ன என்று வரையறுக்கப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் அரை அங்குலம் இருக்கவேண்டும் என்று தீர்மானம். தலைமையகத்தின் நறுக்கல் அதிகாரி ஒரு பப்பாளியோடு முக்கால் மணி நேரம் போராடினார். பதவி உயர்வுத் தேர்வில் நறுக்கலில் முதல் மதிப்பெண் வாங்கியவர்; எழுத்துத் தேர்வு. ஒவ்வொரு துண்டையும் அடிக்கோலால் அளந்து, வளைந்த துண்டுகளை ஒழுங்கீனம் என்று ஒதுக்கினார். ஒதுக்கியதை ஆய்வாளர் தின்றார்.

அடுத்து, காற்றுப் பிரச்சினை.

"துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல சந்து இருக்கே," என்றார் துணைத்தலைவர். "அந்தச் சந்துல இருக்கிற காத்து நம்மளுதா, ஆஸ்பத்திரியோடதா?"

"கிண்ணத்துக்குள்ள வந்துட்டா நம்ம காத்து," என்றார் காப்பாளர்.

"வெளியில போகும்போது?"

"போகும்போது அவங்க காத்து. பொறுப்பு அவங்களுது."

இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மாஸ்டர் நாற்காலியில் நெளிந்தார். துண்டுகளை லேசாகக் குலுக்கினால் சந்து அடங்கிவிடும் என்று சொல்ல வாயெடுத்தார். தலைவர் அவர் கையைப் பாசத்தோடு அழுத்தினார். "வல்லுநர் பேசக்கூடாது மாஸ்டர். பேசினா அபிப்பிராயம் ஆயிடும். நீங்க சும்மா இருக்கிறதுதான் சாட்சி."

பிறகு எல்லாப் பழங்களுக்கும் தனித்தனி எண் தேவையா என்ற பேச்சு எழுந்தது. பழங்களுக்குள் ஏற்றத்தாழ்வு பாராட்டலாகாது என்று தலைவர் கொதித்தார். பப்பாளியின் எண்ணே ஆப்பிளுக்கும், முலாம்பழத்துக்கும், பேரிக்காய்க்கும் என்று முடிவாயிற்று. மனிதருக்குள் சமத்துவம் என்றால் குழு அமைத்து ஒத்திப்போடுகிற அதே அவை, பழங்களின் சமத்துவத்தை ஒரே மூச்சில் நிறைவேற்றிவிட்டது!

கடைசியாகத் தராசு. காப்பாளர் வெள்ளைக் கையுறை அணிந்து மூலக் கிண்ணத்தைக் கூண்டிலிருந்து எடுத்தார். துண்டுகளை நிரப்பினார். இரு கைகளாலும் ஏந்தித் தராசை நோக்கி நடந்தார்.

மாஸ்டர் எழுந்துவிட்டார். சிந்தித்து எழவில்லை, அவர் கைதான் முதலில் எழுந்தது. பாத்திரத்தை வெறுமையாக வைத்து முள்ளைத் திருப்பாமல் எதையும் அந்தக் கை நிறுத்ததில்லை.

"சார், ஒரு நிமிஷம். முதல்ல வெறும் கிண்ணத்தை வெச்சு…"

காப்பாளர் நெருப்பை மிதித்தவர்போல் நின்றார். "வெறும் கிண்ணத்தையா? தராசுலயா? பதினாலாம் விதி தெரியுமா? மூலக் கிண்ணத்தை எதைக் கொண்டும் சோதிக்கக்கூடாது. அதை நிறுத்துப் பார்த்தா அதுமேல சந்தேகம்னு அர்த்தம். சந்தேகம் வந்துட்டா அப்புறம் அது மூலக் கிண்ணம் இல்ல, வெறும் பித்தளை. நாங்கல்லாம் யாரு அப்புறம்?"

"இல்ல சார்… கிண்ணத்தோட எடையைக் கழிக்கணுமே…"

"கழிக்கிறதா?" தலைவர் புன்னகை மாறாமல் சொன்னார். "மாஸ்டர், இந்த அலுவலகம் ஏற்பட்டு முப்பத்திரண்டு வருஷம் ஆகுது. ஒரு பதவியைக் கழிச்சதுண்டா? ஒரு படிவத்தைக் கழிச்சதுண்டா? எங்களுக்குக் கூட்டித்தான் பழக்கம். உக்காருங்க."

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். சொல்லே இல்லை. ஆனால் மாஸ்டர் காதில் 'நீ யாரு?' என்று விழுந்தது. பழம் நறுக்கும் நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்பில் வில்லை மின்னியது. நாற்காலி பின்னாலேயே காத்திருந்தது.

அவர் உட்கார்ந்தார்.

முள் அறுநூறில் நின்றது. ஒரு கப் நறுக்கிய பழம் அறுநூறு கிராம் என்று சான்றிதழ் எழுதப்பட்டது. அதில் நூற்றைம்பது பழம், நானூற்றைம்பது பித்தளை என்பது அந்த அறையில் ஒரே ஒருவருக்குத் தெரியும். அந்த ஒருவர், 'நேரில் கண்டேன், சரியாக இருந்தது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டார்.

விளைவு எளிய கணக்கு. முந்நூறு கிராமுக்கு இனி அரை கப். நேற்றுவரை இரண்டு கப் பெற்றவர்கள் அன்றுமுதல் அரை கப் பெற்றார்கள். முதல் நாள் பதினெட்டுக் கிலோ பழம் மிஞ்சியது. மறுநாளிலிருந்து கிடங்கு ஆறு கிலோதான் கொடுத்தது. கோப்பில் ஆளுக்கு முந்நூறு கிராம் என்றே எழுதப்பட்டது. மருத்துவர் கோப்பைப் பார்த்தார், சரி என்று கையெழுத்திட்டார்.

"அண்ணே," என்றாள் தங்கை, தட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே. "ஆறு கிலோ பழத்தை எண்பது பேருக்கு முந்நூறு முந்நூறா குடுத்ததா எழுதியிருக்கு. எப்பலேர்ந்து மந்திரம் கத்துக்கிட்டே?"

"சான்றிதழ் அப்படித்தான் சொல்லுது."

"சான்றிதழைத் திங்க முடியுமா? வந்து வார்டைப் பாரு. ஏழாம் படுக்கையை வந்து பாரு."

அவர் போகவில்லை. நான்கு நாள் வேலை இருப்பதாகச் சொன்னார். ஐந்தாம் நாள் தங்கை தட்டு வண்டியை அவர் முன்னால் நிறுத்திவிட்டு, கால் வலிக்கிறது என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லை.

ஏழாம் படுக்கையில் இருந்தவர் ஒரு தையற்காரம்மா. படியில் விழுந்து தாடையெலும்பு முறிந்து, கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். வாய் ஒரு விரல் அளவே திறக்கும். காலையும் மாலையும் கஞ்சி. மெல்லாமல் விழுங்கும்படி பொடியாக நறுக்கிய பழம் மட்டுமே அவருக்குக் கிடைத்த திட உணவு. மாஸ்டர் தட்டை நீட்டினார். அந்த அம்மா சிறிய கரண்டியால் மெதுவாகத் தின்றார். தீர்ந்த பிறகும் கரண்டி தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பிறகு பற்களைத் திறக்க இயலாமல், உதட்டாலேயே பேசினார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கலாமா? கோச்சுக்காதீங்க."

"கேளுங்கம்மா."

"நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா? போன வாரம் பழம் கொஞ்சம் பெருசா இருக்குன்னு ஆயாம்மாகிட்ட சொன்னேன். அதான் குறைச்சுட்டாங்களோன்னு… தப்புன்னா மன்னிச்சுடச் சொல்லுங்க."

மாஸ்டருக்கு வாய் முழுதும் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு காலித் தட்டை வாங்கினார்.

அந்த அம்மா தலையணைக்கடியிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். தொழிலை விட்டாலும் நாடா விடவில்லை. புஜத்தைச் சுற்றிக் காட்டினார். "வந்தப்ப ஒம்பதரை. இப்ப எட்டேமுக்கால். என் கணக்கு தப்பா இருக்கலாம். படுத்துக்கிட்டே அளக்கிறேன் பாருங்க."

"அளவு மாத்தியிருக்காங்கம்மா… மேலேர்ந்து உத்தரவு," என்றார் மாஸ்டர். பொய் இல்லை. உண்மையும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அதற்குள் காற்றுக்குப் பதிலாக அவர் ஒளிந்துகொண்டார்.

மூன்றாம் வாரம் வார்டு எடைப் பதிவேடு பேசத் தொடங்கியது. நாற்பத்தொரு கிலோவாக இருந்த தையற்காரம்மா முப்பத்தேழுக்கு வந்திருந்தார். எண்பதில் எழுபத்தாறு பேர் மெலிந்திருந்தார்கள். செய்தி தலைமையகத்துக்குப் போயிற்று. இப்போதாவது உண்மை வெளிவரும் என்று மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். தாமே வாய் திறந்து சொல்வதைவிட, அது தானாக வெளிவருவது அவருக்கு வசதியாக இருந்தது.

தலைவர் நேரில் வந்து வார்டைப் பார்த்தார். குற்றவாளியை உடனே கண்டுபிடித்தார்.

"நோயாளிங்களை நிக்க வெச்சு எடை பார்க்கறீங்களா? அடடா! நிக்கறப்ப ஆடறாங்களே! ஆடினா துல்லியம் எப்படி வரும்? சக்கர நாற்காலியோட நிறுங்க. ஆடாம அசையாம இருப்பாங்க."

"நாற்காலி எடையைக் கழிச்சுடலாமா சார்?" என்று செவிலி கேட்டார்.

தலைவர் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பழைய நண்பர்கள் தங்களுக்குள் மட்டும் புரிந்த ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் சிரிப்பு. "நீங்களே சொல்லுங்க வல்லுநரே, நாம கழிப்போமா?"

மாஸ்டரும் சிரித்தார். தம் முகம் ஏன் சிரித்தது என்று பிற்பாடு பல நாள் அவர் தம்மையே கேட்டுக்கொண்டார்.

பதினெட்டுக் கிலோ நாற்காலியோடு முப்பத்தேழு கிலோ தையற்காரம்மா ஐம்பத்தைந்து கிலோ ஆனார். மூன்றே வாரத்தில் பதினான்கு கிலோ ஏற்றம்! பழம் கால்வாசியாகக் குறைந்தது, நோயாளிகள் கொழுத்தார்கள். எந்த நாட்டில், எந்த ஆட்சியில் இப்படியொரு சாதனை நிகழ்ந்ததுண்டு? பாராட்டு விழா நிச்சயிக்கப்பட்டது.

விழா மருத்துவமனையின் கூட்ட அறையில் நடந்தது. கிடங்கில் ஒரு நாளில் மிச்சமாகும் பழத்தை விருந்தினருக்கு அளிக்கலாம் என்று உத்தரவு வந்திருந்ததால், அன்று காலை மாஸ்டர் பதினெட்டுக் கிலோ பழம் நறுக்கினார். தட்டுத் தட்டாகக் குவித்து வைத்தார். அந்தத் தட்டுகளுக்குக் கப்பும் இல்லை, தராசும் இல்லை, சான்றிதழும் இல்லை. விருந்தினர் குச்சியால் ஒன்றிரண்டு துண்டு குத்தித் தின்றுவிட்டு மீதியைத் தள்ளிவைத்தார்கள். மேடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் மூலக் கிண்ணம். அதனருகே சமையற்கூடத்துத் தராசு, நினைவுச் சின்னமாக மாலையுடன்.

தலைவர் முழங்கினார்: "நண்பர்களே! முன்பு இங்கே பழம் இருந்தது, அளவு இல்லை. இன்று அளவு இருக்கிறது! வயிறு நிறைந்ததா என்று நோயாளியைக் கேட்டால் அவர் தம் நலனுக்காகப் பேசுவார். அது ஒருதலைப்பட்சம். எங்கள் கிண்ணத்தைக் கேளுங்கள். அதற்குப் பசியே கிடையாது. பசியில்லாதவர்கள்தாம் பசியைப் பற்றி நடுநிலையோடு முடிவெடுக்க முடியும்!"

கைதட்டல் எழுந்தது. வல்லுநர் இரண்டு வார்த்தை பேசவேண்டும் என்று அழைத்தார்கள். மாஸ்டர் மேடையேறினார். கதவோரம் தங்கை நின்றிருந்தாள். அவள் இடுப்பில் ஏழாம் படுக்கையின் வெறும் தட்டு. கழுவத் தேவையில்லாத அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

மாஸ்டர் கூண்டைத் திறந்தார். கையுறை இல்லாமல் மூலக் கிண்ணத்தை எடுத்தார். காப்பாளர் அலறுவதற்குள் அதை வெறுமையாகத் தராசில் வைத்துவிட்டார்.

நானூற்றைம்பது.

"இது கிண்ணம் சார். வெறும் கிண்ணம். அறுநூறுல பழம் நூத்தம்பதுதான். எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன். அங்க ஜனங்க காஞ்சு கிடக்கிறாங்க சார்."

துணைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்தார். காப்பாளர் பார்க்க மறுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தலைவர் மட்டும் நீண்ட நேரம் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒளி பரவியது.

"மாஸ்டர்," என்றார் தழுதழுத்த குரலில், "நீங்க என்ன கண்டுபிடிச்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல. பழமே போடாம நானூத்தம்பது! நோயாளிக்கு வேண்டியது முந்நூறுதானே? வெறும் கிண்ணத்துலயே அதுக்குமேல நூத்தம்பது இருக்கே! இனி பழமே எதுக்கு?"

அவை எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த நாள் முதல் எண்பது வெறும் கப்புகளை வழங்கலாமா என்று ஆராய அங்கேயே குழு அமைந்தது. சாட்சிக் கையெழுத்துக்காக ஆய்வாளர் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

மாஸ்டர் பேனாவை வாங்கவில்லை. வில்லையைக் கழற்றித் தாளின்மேல் வைத்தார்.

"ஏம்ப்பா!" என்றார் ஆய்வாளர். மரியாதை வந்த வேகத்திலேயே போய்விட்டது. "கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்ல நீ யாரு?"

"சமையல்காரன்," என்றார் மாஸ்டர். இந்த முறை 'சார்' சேர்க்கவில்லை. மேசைகளில் விருந்தினர் தொடாமல் விட்ட பழத்தையெல்லாம் ஓர் அண்டாவில் கொட்டினார். தங்கை ஒரு பக்கம் பிடித்தாள். இருவருமாக வார்டுக்குத் தூக்கிப் போனார்கள். நாளைக்கு அந்தச் சமையற்கூடத்தில் அவருக்கு இடம் இருக்குமா என்று தங்கை கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விடை அல்ல அது.

ஏழாம் படுக்கைக்கு வந்ததும் மாஸ்டர் துண்டுகளை இன்னும் பொடியாக நறுக்கி, தகரக் கப்பால் இரண்டு கப், குவித்து அள்ளித் தட்டில் வைத்தார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. கிண்ணத்தோட எடையையும் பழம்னு சேர்த்து எழுதிட்டாங்க. அதுல கையெழுத்து போட்டது நான்."

தையற்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்குத் தெரியாம நடந்துபோச்சா?"

"தெரியும்."

"நான் அன்னைக்குக் கேட்டேனே, அப்பவுமா?"

"அப்பவும் தெரியும்மா."

அந்த அம்மா கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் மாஸ்டருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். கரண்டியை எடுத்துத் தின்னத் தொடங்கினார். மாஸ்டர் படுக்கையின் கால்மாட்டில் நின்றார். தின்று முடிக்கும்வரை நிற்பது என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்ட தண்டனை அது.

ஆனால் பாதி வழியும் வராமல் கரண்டி நின்றது. சரியாக அரை கப் அளவு தீர்ந்திருந்தது. தையற்காரம்மா மீதிப் பழத்தைத் தட்டின் ஓரமாக ஒதுக்கி, இன்னொரு தட்டால் மூடி, தலைமாட்டுப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, சாப்பிடுங்க. உங்களுக்குத்தான்."

"இருக்கட்டும் மாஸ்டர்," என்றார் அந்த அம்மா, மாஸ்டரின் மனம் நோகாதபடி மெதுவாக. "நாளைக்கு உங்ககிட்ட மறுபடியும் கையெழுத்து கேப்பாங்கல்ல?"